அவன் “ஒத்து” என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

வருடா வருடம் ஏப்ரல் பிறந்தால் எனக்கு இரண்டு மூன்று போன் வரும். யாராவது ஒரு அம்மா. பிள்ளைக்கு நாலு வயது, நாலரை வயது இருக்கும். ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். இல்லையென்றால் ‘பேச்சுத் தாமதம், ஆறு மாதம் பார்க்கலாம்’ என்று சொல்லியிருப்பார். கேள்வி ஒன்றுதான்: “எந்த ஸ்கூல்லக்கா சேர்க்கிறது?” போனில் கால் மணி நேரத்துக்குள் அடங்காததை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு கோயம்புத்தூரில். வீட்டில் பேசுவது தெலுங்கு. தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே பேசி வரும் தெலுங்கு. எழுதப் படிக்க எங்களில் யாருக்கும் தெரியாது. தெருவில், கடையில், பஸ்ஸில் தமிழ். பள்ளிக்கூடம் என்றால் இங்கிலீஷ் என்று மனதில் ஒரு கணக்கு. இந்த ஊரில் இது புதுமை இல்லை. கன்னடம் பேசும் தேவாங்கர் வீடு, பாலக்காட்டு மலையாள வீடு, மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்திருக்கிற ஒடியா, இந்தி வீடுகள் என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். மற்றப் பிள்ளைகள் இரண்டே வருடத்தில் மூன்று மொழியையும் பிடித்துக்கொள்வார்கள். என் மகனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தபோது, எங்களுக்கு வந்த முதல் அறிவுரையே மொழியைப் பற்றித்தான்.

“வீட்டுல ஒரே பாஷை பேசுங்க. இங்கிலீஷ்னா இங்கிலீஷ். குழந்தையைக் குழப்பாதீங்க.”

அதனால் பள்ளிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் மொழியை ஒப்பிட வேண்டியிருக்கிறது. பள்ளியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அடுத்த ஜூனில் மாற்றிக்கொள்ளலாம். வீட்டுப் பேச்சை நிறுத்திவிட்டால் திரும்பக் கொண்டுவர ரொம்ப நாளாகிறது.

எந்த மொழியில் பேசுவது?

அந்த அறிவுரையைச் சொன்னவர் ஒருவர் இல்லை. தெரபிஸ்ட் சொன்னார், பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னார், என் நாத்தனார் சொன்னார். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். எட்டு மாதம் அதன்படியே நடந்தோம். ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’, ‘நோ’. எனக்கு இங்கிலீஷில் வேலை பார்க்கத் தெரியும், கொஞ்சத் தெரியாது. குளிக்கவைக்கும்போது தானாக வாயில் வருகிற பேச்சு, சோறு ஊட்டும்போது காக்காயையும் பூனையையும் கூப்பிடுகிற கூப்பாடு, கோபத்தில் வருகிற திட்டு எதுவும் அந்த மொழியில் வரவில்லை. என் மாமியாருக்கு, அவனுடைய அவ்வாவுக்கு, இங்கிலீஷ் தெரியாது. அவர் அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார். சோற்றைப் பிசைந்து ஊட்டுவார், வாய் திறக்க மாட்டார். பகலில் பாதி நேரம் அவனோடு இருந்தவர் அவர்தான். குழப்பம் வந்துவிடக் கூடாது என்று பார்த்ததில் அவன் காதில் விழுகிற பேச்சே பாதியாகக் குறைந்துவிட்டது.

இரண்டு மொழி கேட்டால் இந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சு இன்னும் தாமதமாகும் என்பது பலர் நம்புகிற விஷயம். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. 2005-இல் கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டும் அவருடைய குழுவினரும் டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு மொழியில் வளர்ந்த குழந்தைகளின் இங்கிலீஷ், ஒரே மொழியில் வளர்ந்த டவுன் சின்ட்ரோம் குழந்தைகளின் இங்கிலீஷைவிட மோசமாக இல்லை. 2012-இல் ஆட்டிசம் குழந்தைகளைப் பற்றி ஹாம்ப்ளி, ஃபோம்போன் இருவரும் கனடாவிலிருந்தே வெளியிட்ட ஆய்விலும் அதே கதைதான்: இருமொழிச் சூழலால் கூடுதல் தாமதம் ஏதும் தெரியவில்லை. தாமதம் ஆட்டிசத்தால் வருகிறது. மொழியைக் குறைத்தால் அது குறையாது, பேச ஆள்தான் குறையும்.

சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிள்ளை போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இங்கிலீஷில் நிறம், எண், கிரகங்களின் பெயர் எல்லாம் சொல்லும். வீட்டில் யாரும் பேசாத மொழியில் மூன்று வயதுப் பிள்ளை ‘ஜூபிடர்’ என்றால் வீடே பூரித்துப்போகும். “இவனுக்கு இங்கிலீஷ்தான் வருது, அதுலயே விட்டுடலாம்” என்ற முடிவு அங்கேதான் பிறக்கிறது. என் மகனும் எட்டு கிரகங்களையும் வரிசையாகச் சொன்னான். ஆனால் தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் மேல் வைத்தான். பெயர் சொல்வது வேறு, ஒரு மனுசனிடம் கேட்பது வேறு.

நான் இப்போது எல்லா அம்மாக்களிடமும் கேட்பது மூன்று கேள்விதான். பிள்ளை வேண்டும் என்பதை எந்த மொழியில் கேட்கிறது? வேண்டாம் என்பதை எந்த மொழியில் சொல்கிறது? வலித்தால் எந்த மொழியில் அழுகிறது? சொல் இல்லாமல் சைகை மட்டும் இருந்தால், யார் பேசும்போது திரும்பிப் பார்க்கிறது? அதுதான் அந்தப் பிள்ளையின் பலமான மொழி. சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே வீடியோ இங்கிலீஷாக இருக்கும். அப்படியென்றால் அதையே பிடித்துக்கொண்டு தொடங்குங்கள், பக்கத்தில் வீட்டுச் சொல்லையும் சேர்த்துப் பேசுங்கள். எங்கள் வீட்டில் அது தெலுங்கு. ஒன்பதாவது மாதம் அவ்வா மறுபடி வாய் திறந்தார். “நீளு” என்ற சொல் வந்தது. தண்ணீர். அதற்கடுத்து வந்தது “ஒத்து”. வேண்டாம் என்று அர்த்தம்.

பரிசோதனைக்குப் போகும்போதும் இதை மறக்காதீர்கள். மதிப்பீடு எந்த மொழியில் நடந்தது என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தெலுங்கில் மட்டும் புரிந்துகொள்கிற பிள்ளையிடம் தமிழில் “மூக்கு எங்கே?” என்று கேட்டு, அவன் காட்டவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தால், அந்த எண் அவனுடைய அறிவைச் சொல்லவில்லை. எங்களுக்கு முதல் முறை அப்படித்தான் நடந்தது. இரண்டாம் முறை அவ்வாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள்வியைத் தெலுங்கில் கேட்கச் சொன்னோம். மூக்கைக் காட்டினான், காதைக் காட்டினான், டாக்டருடைய கண்ணாடியையும் காட்டினான்.

இனி பள்ளிகள்

எங்கள் முன்னால் நாலு வழி இருந்தது. ஷேடோ டீச்சர் என்கிற துணை ஆசிரியரோடு தனியார் இங்கிலீஷ் மீடியம், வீட்டுக்குப் பக்கத்தில் அரசு தமிழ்வழித் தொடக்கப் பள்ளி, சிறப்புப் பள்ளி, இன்னொரு வருடம் அங்கன்வாடியும் தெரபியும். நாங்கள் முதலாவதில் ஏழு மாதம் இருந்தோம், நான்காவதில் ஒரு வருடம், இரண்டாவதில் இப்போது மூன்றாம் வருடம். சிறப்புப் பள்ளியை மட்டும் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

தனியார் பள்ளியில் யு.கே.ஜி. சேர்த்தோம். சட்டப்படி அவர்கள் மறுக்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உள்ள 21 வகைகளில் வருகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடத்துக்கும், 2012 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறன் குழந்தைகள் தகுதி உள்ளவர்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஆனால் சட்டம் பள்ளியின் கேட்டைத் திறந்துவிடும், டீச்சரின் மனதைத் திறக்காது.

அந்தப் பள்ளி ஒரு நிபந்தனை வைத்தது: ஷேடோ டீச்சரை நாங்களே பார்த்து, நாங்களே சம்பளம் கொடுக்க வேண்டும். மாதம் 14,000 ரூபாய்க்கு ஒரு பெண் கிடைத்தாள். பட்டம் முடித்த, பொறுமையான பெண். அவள் வந்த பிறகு வகுப்பு டீச்சர் என் மகனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அவனிடம் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொன்னாள், அவன் பையை அவள் மாட்டினாள், மற்றப் பிள்ளைகள் அவனிடம் வந்தால் நடுவில் அவள் இருந்தாள். முப்பது பேர் வகுப்புக்குள் இரண்டு பேர் தனியாக நடத்திய ஒரு சின்ன வகுப்பு அது. ஷேடோ டீச்சர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓடிப்போய் ரோட்டில் இறங்கிவிடும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த ஆள் எப்போது ஒரு அடி பின்னால் நகர்வார் என்பதை முதல் நாளே பேசி எழுதிவைக்காவிட்டால், நகரவே மாட்டார்.

மொழி அங்கே எங்களை இன்னும் ஆழமாக அடித்தது. வகுப்பில் இங்கிலீஷ் மட்டும் என்பது பள்ளி விதி. ஒரு நாள் டைரியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘அர்த்தமில்லாமல் கத்துகிறான். மற்ற குழந்தைகளுக்குத் தொந்தரவு.’ என்ன கத்தினான் என்று துணை ஆசிரியப் பெண்ணிடம் கேட்டேன். “ஒத்து, ஒத்துன்னு ஏதோ சொல்லிட்டே இருந்தாங்க மேடம்.” அன்றைக்குக் கைவேலைப் பாடம். எல்லாருடைய உள்ளங்கையிலும் பெயின்ட் தடவிக் காகிதத்தில் பதித்திருக்கிறார்கள். கையில் ஈரமாக எது பட்டாலும் அவனுக்குத் தாங்காது. அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். நாலரை வயதில், எவ்வளவோ பாடுபட்டு வந்த ஒரு சொல்லை, சரியான இடத்தில், சரியான அர்த்தத்தில், ஓர் அறை நிறைய ஆட்கள் முன்னால் சொல்லியிருக்கிறான். புரிந்துகொள்ள அந்த அறையில் ஒருவரும் இல்லை. அந்த டைரிப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் நிறுத்திவிட்டோம்.

அதற்கப்புறம் அங்கன்வாடி. அதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, நானும் எடுத்ததில்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருபது பிள்ளைகள், ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளர் அக்கா எங்கள் வீட்டுத் தெலுங்கையே பேசுகிறவர். பாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாட்டு, சாப்பாடு, தூக்கம். காலையில் இரண்டரை மணி நேரம் அங்கே, மதியம் வாரம் மூன்று நாள் ஸ்பீச் தெரபியும், அன்றாட வேலைகளைப் பழக்குகிற ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபியும். அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள். கூட்டம் அதிகம் என்பதால் தனியாரிலும் சேர்த்துப் போனோம். அங்கே ஒரு தடவைக்கு 500 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தெரபிச் செலவுக்கும் உதவுகிறது. அதை இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ‘ஒரு வருடம் வீணாகிறதே’ என்று என் வீட்டுக்காரர் கவலைப்பட்டார். அந்த ஒரு வருடத்தில்தான் அவன் வரிசையில் நிற்கவும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லவும், இன்னொரு பிள்ளையின் பெயரைக் கூப்பிடவும் கற்றான்.

அரசுப் பள்ளி

ஐந்தரை வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம், தமிழ்வழியில். உறவில் பலருக்கு வருத்தம். ஊரில் வசதியுள்ளவர்கள் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பது தோல்வி என்கிற எண்ணம் ரொம்ப ஆழமாக இருக்கிறது. பிள்ளைக்கு ஆட்டிசம் என்பதால்தான் அங்கே சேர்த்தோம் என்று சொல்லிச் சமாளிக்கவும் எனக்கு விருப்பம் இல்லை.

ஒன்றாம் வகுப்பில் 16 பிள்ளைகள். ஒன்றும் இரண்டும் ஒரே அறையில், ஒரே டீச்சர். இது பலவீனம் என்று தோன்றும். எங்களுக்கு அது உதவியாக இருந்தது. அரசு 2022-இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டாம் வகுப்பில் இருந்துகொண்டே அரும்பில் இருக்கலாம், அது அவமானம் இல்லை, பக்கத்தில் இன்னும் மூன்று பேர் அரும்பு. படம், அட்டை, பொம்மை என்று கையில் எடுத்துச் செய்யும் வேலை நிறைய. ஆனால் பாட்டும் கைதட்டலும் நிறைய. சத்தம் தாங்காத பிள்ளைக்கு அது சோதனை. என் மகன் முதல் மாதம் பாட்டு தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவான். டீச்சர் அவனைப் பிடித்து இழுக்கவில்லை. பாட்டுக்கு முன்னால் அவனிடம் ஒரு பாட்டுப் படத்தைக் காட்டுவார். உள்ளே இருப்பதா, வாசல்படியில் உட்காருவதா என்று அவனே முடிவு செய்வான். டிசம்பரில் வாசல்படியிலிருந்து பாட ஆரம்பித்தான்.

முதல் வாரத்தில் நான் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தேன். தெலுங்குச் சொல் பத்து, தமிழ் எழுத்தில், எதிரே அர்த்தம். நீளு என்றால் தண்ணீர். ஒத்து என்றால் வேண்டாம். ரா என்றால் வா. அவன் சொல்லாத ஆனால் செய்கிற மூன்று விஷயங்களையும் கீழே எழுதினேன்: கையை உதறினால் சந்தோஷம், சட்டைக் காலரைக் கடித்தால் சத்தம் அதிகம், மேசைக்கடியில் போனால் அஞ்சு நிமிஷம் விட்டுவிடவும். டீச்சர் அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். அடுத்த வாரம் அவன் “ஒத்து” என்றபோது அவர் “வேண்டாமா? சரி, வேண்டாம்” என்று தமிழில் திருப்பிச் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்குள் அவனும் “வேண்டாம்” என்றான். வீட்டில் இன்னும் ஒத்துதான். ஒரு மொழி இன்னொன்றைத் தள்ளிவிடவில்லை, கைபிடித்துக் கூட்டிவந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார், ஆனால் அவருக்கு எத்தனையோ பள்ளிகள். எங்களுக்கு வாரம் ஒரு நாள் என்று சொன்னார்கள், கிடைத்தது மாதம் இரண்டு நாள். 2021-இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சிறப்பாசிரியர் விகிதத்தை அறிவிக்கச் சொன்னது. 2022-இல் ஒன்றிய அரசு தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று அறிவித்தது. நடைமுறை அதற்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. இந்தப் பயிற்றுநர்களின் சம்பளம் ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் வருகிறது. 2024-இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான அந்த நிதியை நிறுத்திவைத்தபோது, பாதிப்பு இந்த வகுப்பறைகள் வரை வந்தது. இவர்களை நிரந்தரமாக்கும்வரை நல்ல டீச்சர் அமைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்ற நிலை மாறாது. எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அடுத்த தெரு அம்மாவுக்கு இல்லை. அங்கே அரசுப் பள்ளி டீச்சரே “இவனுக்கு இங்க ஒண்ணும் வராதுங்க” என்று கைவிரித்துவிட்டார்.

பயிற்றுநர் வரும் நாளிலும் ஒரு தேர்வு இருக்கிறது. பிள்ளையை வகுப்பிலிருந்து தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுப்பதா, வகுப்புக்குள்ளேயே பக்கத்தில் உட்கார்ந்து உதவுவதா? முதலில் தனி அறைதான் நடந்தது. அங்கே அழகாகச் செய்வான், வகுப்புக்கு வந்தால் ஒன்றும் நினைவிருக்காது. பிறகு நாங்கள் கேட்டுக்கொண்டதால் பயிற்றுநர் வகுப்புக்குள்ளேயே வந்தார். டீச்சரும் அவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். மாதம் இரண்டு நாள் வருகிறவர் என் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட, தினமும் இருக்கிற டீச்சருக்குச் செய்து காட்டுவதால்தான் பலன் அதிகம்.

அன்றாட அட்டவணையைப் படமாக ஒட்டுவது அவர் சொன்ன யோசனை. பிரேயர், தமிழ், இடைவேளை, கணக்கு, சோறு, வீடு. என் மகனுக்காக ஒட்டியது. அதே வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த மில் தொழிலாளியின் மகள் ஒருத்தி இருந்தாள். சேர்ந்து நாலு மாதம் வாயே திறக்கவில்லை. ‘இவளுக்கும் ஏதோ இருக்கு’ என்று பேச்சு வந்தது. அவளோ அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்து என்ன என்று தெரிந்துகொண்டிருந்தாள். இடைவேளையில் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள், மற்றவர்களோடு ஓடிப்பிடித்து விளையாடினாள், சாயங்காலம் அம்மா வந்ததும் ஒடியாவில் கடகடவென்று பேசினாள். புது மொழிக்குள் வந்த பிள்ளை சில மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது இயல்பு. குறைபாடு என்றால் வீட்டு மொழியிலும் தெரியும். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்துவதும், இன்னொரு பிள்ளைக்கு ‘பாஷை தெரியாததாலதான், சரியாயிடும்’ என்று இரண்டு வருடம் தள்ளிப்போடுவதும் ஒரே வகுப்பில் நடக்கும்.

முத்திரை என்றதும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சில படிவங்களில் ஆட்டிசத்துக்குப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று போட்டிருக்கும். கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனது வலிக்கும். வாசல்படியில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டு மனப்பாடம் செய்தவனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை?

தமிழ் எழுத்தா, இங்கிலீஷ் எழுத்தா?

‘தமிழில் 247 எழுத்து, இங்கிலீஷில் 26-தான், இந்தப் பிள்ளைக்கு எது சுலபம்?’ என்று கேட்பார்கள். எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. தமிழில் எழுத்தைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் அப்படியே வாசித்துவிடலாம். இங்கிலீஷில் ‘புட்’டும் ‘பட்’டும் ஒரே மாதிரி எழுதிவிட்டு வேறு மாதிரி வாசிக்க வேண்டும். விதியை விரும்பும் ஆட்டிசம் பிள்ளைக்குத் தமிழ் நிம்மதி. 18 மெய்யும் 12 உயிரும் கட்டமாகப் போட்ட அட்டவணையை என் மகன் மணிக்கணக்காகப் பார்ப்பான்.

டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம், உள்ள பிள்ளைக்குக் கதை வேறு. ‘கெ’, ‘கே’, ‘கை’ எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, சத்தமோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும். ண, ன, ந, ல, ள, ழ, ர, ற. காதால் பிரிக்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு இது பெரிய மலை. அதோடு வீட்டில் ‘வந்துச்சு’, புத்தகத்தில் ‘வந்தது’. அந்தப் பிள்ளைக்கு இரண்டுமே வேறு வேறு சொல். ஆனாலும் பேசுகிற மொழியில் வாசிக்கத் தொடங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் வாசித்த சொல் சரியா தவறா என்று அதன் காதே சொல்லிக்கொடுக்கும். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் 2006 சட்டப்படி தமிழ் படித்தாக வேண்டும், சி.பி.எஸ்.இ. என்றால் பெரும்பாலும் இந்தியும் சேரும். எங்கள் மாதிரி வீட்டில் அது நாலாவது மொழி. பின்னால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் எல்லாம் சான்றிதழ் இருந்தால் கிடைக்கும். ஆறு வயதில் அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பேச்சே வராத பிள்ளைக்கு மொழிக் கேள்வி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பட அட்டையிலும் ஒரு மொழி இருக்கிறது. படத்தைத் தொட்டால் சொல்லைப் பேசிக் காட்டும் ஆவாஸ் செயலி சென்னையில் உருவானது, தமிழிலும் பேசும். அட்டையில் வெளிநாட்டு ரொட்டிப் படத்துக்குப் பதிலாக உங்கள் வீட்டுத் தட்டில் உள்ள இட்லியைப் போட்டோ எடுத்து ஒட்டுங்கள்.

யாருக்கு எது

வீட்டில் இங்கிலீஷ் உண்மையிலேயே புழங்குகிறது, பிள்ளைக்குக் கவனச்சிதறல் மட்டும்தான், பேச்சு சரளம் என்றால் தனியார் பள்ளி நன்றாகவே அமையலாம். ஆனால் வீட்டு மொழியில் பேசினால் என்ன செய்வீர்கள் என்று சேர்க்கைக்கு முன்னால் கேளுங்கள். ‘மெதுவா நிறுத்திடுவோம்’ என்று பதில் வந்தால் அந்தப் பள்ளி வேண்டாம். கட்டடமும் நீச்சல் குளமும் இதற்கு ஈடாகாது.

வலிப்பு அடிக்கடி வருகிறது, தன்னையே அடித்துக்கொள்கிறது, நடப்பதற்கும் உண்பதற்கும் முழு நேர உதவி வேண்டும் என்றால் நல்ல சிறப்புப் பள்ளியைத் தயங்காமல் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் குழந்தை பொதுப் பள்ளியில் இரண்டு வருடம் மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சிறப்புப் பள்ளிக்குப் போனாள். ஆறு மாதத்தில் தானே சாப்பிட்டாள். அந்த அம்மாவிடம் எல்லாப் பிள்ளையும் ஒரே வகுப்பில் என்கிற ‘உள்ளடக்கிய கல்வி’ தத்துவம் பேச எனக்கு வாய் வரவில்லை. அங்கே நான் கவலைப்படுவது ஒன்றைப் பற்றித்தான்: பேச்சைப் பிள்ளை மற்றப் பிள்ளைகளிடமிருந்துதான் அதிகம் எடுக்கிறது. பேசுகிற பிள்ளைகள் அருகில் இல்லாவிட்டால் சாயங்காலம் தெருவிலாவது இருக்க வேண்டும். ஆறு முதல் 18 வயது வரை, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு, பக்கத்துப் பள்ளியோ விரும்பிய சிறப்புப் பள்ளியோ எதுவானாலும் இலவசக் கல்வி உரிமை என்று 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது பறிபோகாது, மாறிக்கொள்ளலாம்.

நாலு, நாலரை வயதில் இன்னும் தேவையைச் சொல்ல வராத பிள்ளை என்றால் அங்கன்வாடிக்கு ஒரு வருடம் கொடுங்கள். மற்ற எல்லாருக்கும், அதாவது எங்கள் மகன் மாதிரி கொஞ்சம் பேசுகிற, கொஞ்சம் ஓடுகிற, நிறையப் பார்க்கிற பிள்ளைகளுக்கு, பிள்ளை குறைவாக உள்ள பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியை முதலில் போய்ப் பாருங்கள். சேர்க்கை நாளில் போகாதீர்கள். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய உணவு நேரத்தில் போங்கள். சோறு வேண்டாம் என்று தள்ளுகிற பிள்ளையிடம் டீச்சர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் காலை உணவில் ரவை உப்புமா வரும் நாளில் என் மகன் தட்டைத் தொடமாட்டான். சமையல் அக்கா முதல் நாள் “சாப்பிடு கண்ணு” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் ஒரு வாழைப்பழத்தை உரிக்காமல் கொடுத்தார். உரித்துக் கொடுத்தால் கையில் பிசுபிசுப்பு என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது.

இப்போது அவன் மூன்றாம் வகுப்பு. ஐந்து முடிந்ததும் இந்தப் பள்ளியை விட்டுப் போக வேண்டும். நடுநிலைப் பள்ளி ஒன்று ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. வகுப்புக்கு 40 பேர், பாடத்துக்கு ஒரு டீச்சர், மணி அடிக்கும்போதெல்லாம் முகம் மாறும். மறுபடி இதே ஒப்பீடு. இந்த முறை காகிதத்தை அவனே எழுதட்டும் என்று பேப்பரும் பேனாவும் கொடுத்தேன். தமிழில் எழுதினான். முதல் வரி: ‘மணி அடிக்கும் முன் சொல்லுங்கள்.’